இரு மன்னர் தலை தாங்கிய வெள்ளிக் காசு

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. அரசு முத்திரையிட்ட காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. ஒரு வணிகரைக் குறித்து 'அவர் நாணயமானவர்' என்று ஊரார் கூறும்போது, அவரிடத்திற் காசு மிகுதியாக உண்டு என்று எவரும் பொருள் கொள்வதில்லை. இவ்விரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நின்ற காலங்கள் உலக வரலாற்றிற் சில உண்டு. அவை பெரும்பாலும் யுத்த காலங்களாகவே இருந்திருக்கின்றன. 1797ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வழங்கிய ஒரு வெள்ளிக் காசு, அத்தகைய காலமொன்றின் சாட்சியாக இன்றும் நூதனசாலைகளிற் காணப்படுகின்றது.

அந்தக் காசைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் வியப்பே உண்டாகும். அது ஆங்கிலக் காசன்று. ஸ்பானிய மன்னருடைய டொலர். மெக்சிக்கோவிலோ பெருவிலோ தோண்டியெடுத்த வெள்ளியால், ஸ்பானியரின் அக்கசாலையொன்றில் அடிக்கப்பட்டது. ஏறக்குறைய 27 கிராம் நிறையுள்ளது. ஒரு பக்கத்தில் இரு தூண்களும் அவற்றின் நடுவே அரச கேடயமும். மறுபக்கத்தில் வாகைமாலை சூடிய நான்காம் கார்லோஸ் மன்னரின் பெரிய தலை. அந்தத் தலையின் கழுத்திலே, சிறுவிரல் நகத்தினும் சிறியதொரு நீள்வட்டப் பள்ளம். அப்பள்ளத்தினுள் இன்னொரு தலை. அது இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜ். பெரிய மன்னரின் கழுத்திலே சிறிய மன்னர் ஓர் உண்ணியைப் போல ஒட்டிக்கொண்டிருக்கின்றார் என்றால், அது மரியாதைக் குறைவேயாயினும் உள்ளதை உள்ளபடி கூறியதாகும்.

இவ்வாறு முன்னரே அடிக்கப்பட்ட காசின்மேல் வேறோர் அதிகாரம் தன் குறியை இடுவதை மேல்முத்திரை என்று கூறலாம். உலகின் பல பாகங்களிலும் அது நிகழ்ந்ததுண்டு. சீன வணிகர் தம் கையிற் பட்ட டொலரையெல்லாம் சோதித்து, வெள்ளி நல்லதே என்பதற்கு அடையாளமாகத் தத்தம் எழுத்தைப் பொறித்தனர். பல கை மாறிய காசு அம்மைத் தழும்பேறிய முகம்போல் ஆகிவிடும். ஆனால் சீன வணிகரின் குறி வெள்ளியின் தூய்மையை மட்டுமே சொல்லிற்று. லண்டனில் இடப்பட்ட குறியோ ஒரு விலையைச் சொல்லிற்று. தொல்லைகள் யாவும் அங்கிருந்தே பிறந்தன.

பிரான்சியப் புரட்சியின் பின்னர், 1793இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம் மூண்டது. ஈழநாட்டவர்க்கும் அந்த யுத்தம் அந்நியமானதன்று. ஒல்லாந்து பிரான்சியர் வசமாகிய காரணத்தாலேயே பிரித்தானியர் ஒல்லாந்தரின் கீழைத்தேயக் கோட்டைகளைக் கைப்பற்ற முற்பட்டனர். 1795இல் திருகோணமலையும், 1796 பெப்ரவரியிற் கொழும்பும் அவர்கள் கைக்கு மாறின. தூர தேசங்களில் இவ்வாறு வெற்றி கிட்டிக்கொண்டிருந்த வேளையில், லண்டனிலே இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்திற் பொன் வற்றிக்கொண்டிருந்தது. படைகளுக்குச் சம்பளம், நேச நாடுகளுக்குக் கடன், வெளிநாட்டுத் தானியத்துக்கு விலை என்று பொன் கடல் கடந்து சென்றது. எஞ்சியதையும் மக்கள் எடுத்துப் பதுக்கத் தொடங்கினர்.

1797 பெப்ரவரி 22ஆந் திகதி ஏறக்குறைய 1,400 பேர் கொண்ட பிரான்சியப் படையொன்று வேல்ஸ் நாட்டில் பிஷ்கார்ட் என்னும் ஊருக்கு அருகே கரையிறங்கிற்று. இரண்டே நாட்களில் அப்படை சரணடைந்துவிட்டது. ஆனால் படை சரணடைந்த செய்தியினும் படை வந்த செய்தியே விரைவாகப் பரவிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே வடபகுதியில் நியூகாசில் நகர வங்கிகள், நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தியிருந்தன. இப்போது லண்டனிலும் மக்கள் நோட்டுகளைக் கொண்டு வந்து பொன் கேட்டனர். வங்கியின் கையிருப்பு 10 இலட்சம் பவுண் அளவுக்கு இறங்கிற்று. பெப்ரவரி 26 ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாளென்றும் பாராது மன்னரும் பிரதம மந்திரி பிட்டும் மந்திராலோசனை சபையும் கூடி, இனி நோட்டுக்குப் பொன் கொடுக்க வேண்டாமென்று வங்கிக்குக் கட்டளையிட்டனர். சில மாத காலத்துக்கென்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு 1821 வரை நீடித்தது.

பொன் நின்றது, நோட்டு நின்றதன் இடத்தைப் பிடித்தது. அதுவரை 5 பவுணுக்குக் குறைந்த நோட்டை இங்கிலாந்து வங்கி வெளியிட்டதில்லை. இப்போது 1 பவுண், 2 பவுண் நோட்டுகள் அவசரமாக அச்சிடப்பட்டன. ஆனால் 1 பவுண் என்பது 20 சிலிங். ஒரு சிலிங் 12 பென்ஸ். வயலிற் கூலி வேலை செய்பவனுக்கு ஒரு வாரம் முழுதும் உழைத்தாற் கிடைப்பது ஏறக்குறைய 10 சிலிங். அவன் பாண் வாங்கும் கடைக்கு 1 பவுண் நோட்டினால் யாது பயன்? நடைமுறையில் நாட்டுக்கு வேண்டியிருந்தது பொன்னன்று, சில்லறை.

அந்தச் சில்லறையோ யுத்தத்துக்கு வெகுகாலம் முன்னரே நாட்டைவிட்டு மறைந்துவிட்டது. 1717இல் அக்கசாலையின் தலைவராயிருந்த ஐசாக் நியூட்டன் பொன்னுக்கும் வெள்ளிக்கும் வகுத்த விகிதத்தில், பொன் சற்று உயர்ந்தும் வெள்ளி சற்றுத் தாழ்ந்தும் மதிக்கப்பட்டன. எந்தப் பொருளைச் சட்டம் தாழ்த்தி மதிக்கின்றதோ அந்தப் பொருள் நாட்டில் தங்காது. அதனை உயர்த்தி மதிக்கும் இடத்துக்கு ஓடிவிடும். இங்கிலாந்தின் வெள்ளி கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஓடிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கசாலை வெள்ளிக் காசு அடித்தது மிகச் சொற்பம். செலாவணியிலிருந்த சிலிங்குகள் தேய்ந்து தேய்ந்து, அரசர் தலையும் எழுத்தும் அழிந்து, வெறும் வெள்ளித் தகடுகளாய் விட்டன. அவற்றை ஊரார் வாங்கியதற்குக் காரணம் வேறொன்றில்லாமையேயாம்.

இந்நிலையில், வங்கியின் பெட்டகத்தில் ஒரு பொருள் மட்டும் நிறைய இருந்தது. அதுவே ஸ்பானிய டொலர். அக்காலத்தில் உலக வாணிகத்தின் பொதுக் காசு அது. அவற்றை உருக்கி ஆங்கிலக் காசாக அடிப்பதற்குக் காலம் போதாது. கோபுரக் கோட்டையிலிருந்த பழைய அக்கசாலையின் யந்திரங்களுக்கு ஆற்றலும் போதாது. ஆகவே ஒரு குறுக்கு வழி காணப்பட்டது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி செலுத்தப்பட்டதைக் காட்டுவதற்கு, 1784 தொடக்கம் மன்னர் தலை பொறித்த சிறு முத்திரையொன்றைப் பொற்கொல்லர் மண்டபத்தில் இட்டு வந்தனர். அதனையொத்த அச்சொன்றை டொலரின்மேல் வைத்து ஓங்கி அடித்தால், ஒரே நொடியில் ஸ்பானியக் காசு ஆங்கிலக் காசாகிவிடும். மார்ச் முதல் வாரத்திலேயே இதற்குக் கட்டளை பிறந்தது. கட்டளை பிறந்த வேளை ஸ்பெயின் இங்கிலாந்துக்குப் பகை நாடு என்பதையும் கருத வேண்டும். 1796 ஒக்டோபரில் ஸ்பெயின் பிரான்சுடன் சேர்ந்து யுத்தப் பிரகடனம் செய்திருந்தது. 1797 பெப்ரவரி 14இல் சென் வின்சென்ட் முனையருகே ஸ்பானியக் கப்பற்படையை ஆங்கிலேயர் முறியடித்திருந்தனர். கடலில் எந்த மன்னரின் கொடியை வீழ்த்தினரோ அந்த மன்னரின் தலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆங்கிலேயர் சந்தைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

காசுக்கு விலை குறிப்பதிலே முதற் சங்கடம் தோன்றிற்று. 4 சிலிங் 6 பென்ஸ் என்றே முதலில் எண்ணினர். அன்றைய சந்தை விலைக்கு டொலரிலுள்ள வெள்ளியே அதற்கு மேல் பெறும் என்பது உடனே தெரிய வந்தது. அந்த விலைக்கு வெளியிட்டிருந்தால், தட்டார் ஒவ்வொருவரும் வங்கிக்குச் சென்று நோட்டுக் கொடுத்து டொலர் வாங்கி, வீட்டிலே மூசையிலிட்டு உருக்கியிருப்பர். ஆகவே விலையை 4 சிலிங் 9 பென்ஸ் என்று உயர்த்தி வெளியிட்டனர்.

அந்த மூன்று பென்ஸிலேதான் கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது. முத்திரையிட்ட காசின் விலை அதன் உலோகத்தின் விலைக்குக் கீழே இருந்தால் காசு உலைக்குப் போய்விடும், செலாவணியில் நிற்காது. உலோக விலைக்கு மேலே இருந்தால் காசு நிற்கும். ஆனால் அந்த மேலதிகம் எதற்காகக் கொடுக்கப்படுகின்றது? வெள்ளிக்காக அன்று, அந்தச் சிறு முத்திரைக்காக. அப்படியாயின் அந்தச் சிறு முத்திரையைத் தானே செய்துகொள்ளக்கூடிய எவனுக்கும் அந்த மேலதிகம் உரியதாகின்றது. யுத்தகால வெள்ளி விலையோ ஓரிடத்தில் நிற்பதில்லை. கப்பல் வந்தால் இறங்கும்; கப்பல் பிடிபட்டால் ஏறும். முத்திரையின் விலை சட்டத்திலே உறைந்து நிற்க, அதன் கீழே வெள்ளியின் விலை கடல் நீர்போல் ஏறியும் இறங்கியும் வந்தது.

1797 நடுப்பகுதியில் வெள்ளி விலை இறங்கிற்று. முத்திரையிடாத டொலரைச் சந்தையில் 4 சிலிங் 6 பென்ஸுக்கு வாங்கக்கூடுமாயின், அதன் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மூன்று பென்ஸ் இலாபம். நூறு டொலருக்கு 300 பென்ஸ், அஃதாவது 25 சிலிங். கூலியாளின் இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேலான தொகை ஒரு மாலை நேர வேலையிற் கிடைத்துவிடும். பேர்மிங்ஹாம், லண்டன் முதலிய நகரங்களில் பொத்தானும் பூணும் செய்யும் கைவினைஞர் பலர் இருந்தனர். நீள்வட்டத்துள் ஒரு தலையை வெட்டுவது அவர்களுக்கு அரிய வேலையன்று.

இக்கள்ளத்தனத்தின் தன்மை சிந்தித்தற்குரியது. வழக்கமான கள்ளநாணயக்காரன் செம்பின்மேல் வெள்ளி பூசி ஏமாற்றுவான், அத்தகையோரும் இருந்தனர். ஆனால் இங்கே பலருடைய கையில் இருந்த காசு முழு வெள்ளி, முழு நிறை, மெக்சிக்கோ அக்கசாலையின் உண்மையான காசு. வங்கி வெளியிட்ட டொலருக்கும் அதற்கும் உலோகத்தில் அணுவளவும் வேறுபாடில்லை. பொய்யாக இருந்தது அந்த நகத்தளவு குறி மட்டுமே. அதனைக் கல்லில் உரைத்தும் பயனில்லை. தராசில் நிறுத்தும் பயனில்லை. பாண்கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமை இரவு விளக்கொளியில் அந்தத் தலையின் மூக்கையும் தலைமயிரையும் உற்று நோக்கி, இது கோபுரக் கோட்டையில் அடித்ததா, பேர்மிங்ஹாமிற் பின்கட்டில் அடித்ததா என்று தீர்மானிக்க வேண்டும். அவர் மறுத்தால் அந்த வாரக் கூலியைக் கொண்டு வந்தவன் பசியோடு திரும்புவான். ஏற்றுப் பின்னர் வங்கி மறுத்தால் நட்டம் கடைக்காரருடையது. முத்திரையை வெட்டியவன் இருவர் கண்ணிலும் படப்போவதில்லை.

எட்டு மாதங்கூட நிறைவாக இந்தக் காசு நிலைக்கவில்லை. 1797 ஒக்டோபருடன் வங்கி அதனை மீள அழைத்துக்கொண்டது. அதற்குள் கேலி பேசுவோருக்கு நல்ல விருந்து கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கிரவுண்' என்பது முடிக்கும் பெயர். 5 சிலிங் காசுக்கும் பெயர். இரண்டு அரசர் தலை இருந்தும் ஒரு கிரவுண் பெறவில்லையே என்று வீதியிற் சிரித்தனர். 4 சிலிங் 9 பென்ஸ் 5 சிலிங்குக்கு மூன்று பென்ஸ் குறைவல்லவா? சித்திரக்காரர் கில்ரே அவ்வாண்டு மே மாதத்தில், வங்கியை 1 பவுண் நோட்டுகளால் ஆன உடையணிந்த ஒரு முதிய மாதாக வரைந்து, பிட் அவளுடைய பெட்டகத்துக்குக் குறி வைப்பதாகக் காட்டினார். திரெட்நீடில் வீதியின் முதிய மாது என்று இங்கிலாந்து வங்கிக்கு வழங்கும் பெயர் அந்தச் சித்திரத்திலிருந்து வந்ததே.

வெள்ளி விலை இறங்கியதால் விளைந்த மற்றொரு வேடிக்கையும் உண்டு. 1798இல் டொரியன், மாஜன்ஸ் என்னும் வங்கியாளரின் தலைமையிற் சிலர், பழைய சட்டம் தமக்கு அளித்த உரிமைப்படி வெள்ளியை அக்கசாலைக்குக் கொண்டுசென்று சிலிங்குகளாக அடிக்கச் செய்தனர். காசு இல்லாமல் நாடு தவிக்கும்போது காசு அடிக்க முன்வந்தவர்களை அரசாங்கம் பாராட்டியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, விகிதம் குழம்பிவிடும் என்றஞ்சி, பாராளுமன்றத்தில் அவசரமாகச் சட்டமியற்றி வேலையை நிறுத்தி, அடித்த சிலிங்குகளையும் உருக்கிவிட்டனர். தப்பியவை மிகச் சில.

அரசாங்கம் கைவிட்ட இடத்தில் ஆலை முதலாளிகள் புகுந்தனர். புதிய பஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தனர். வாரந்தோறும் அவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். சில்லறை இல்லாமையால், சில இடங்களில் நான்கைந்து தொழிலாளரை ஒன்றாக நிறுத்தி ஒரே நோட்டைக் கொடுத்து, மதுக்கடையிற் சென்று பிரித்துக்கொள்ளும்படி அனுப்பினர். பிரித்துக் கொடுக்கும் மதுக்கடைக்காரர் ஆளுக்கொரு கோப்பையாவது விற்காமல் விடுவாரா? இதனைத் தவிர்க்க விரும்பிய சில ஆலைகள் தாமே ஸ்பானிய டொலரை வாங்கித் தம் பெயரை அதன்மேற் பொறித்தன. டார்பிஷயரில் ஆர்க்ரைட் நிறுவிய குரோம்போர்ட் ஆலையின் டொலரில் அவ்வூர்ப் பெயரும் 4 சிலிங் 9 பென்ஸ் என்ற விலையும் காணப்படுகின்றன. ஸ்கொத்துலாந்தில் லனார்க், ரோத்சே முதலிய இடங்களின் பஞ்சாலைகளும் அவ்வாறே செய்தன. இக்குறிகளைக் கள்ளமாகச் செய்து அதிக தூரம் செல்ல முடியாது. ஏனெனில் அந்தக் காசு ஆலைக் கணக்கரின் மேசைக்கும் ஊர்க்கடைக்கும் இடையே மட்டும் நடமாடிற்று. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய வங்கியின் முத்திரைக்கு இல்லாத காவல் சிறிய ஊரின் முத்திரைக்கு இருந்தது. ஆனால் ஆலையின் சொல் நம்பத்தக்கதாய் இருக்கும் வரையிலேயே தொழிலாளியின் கூலிக்கு மதிப்பு என்பதும் உண்மை.

1802இல் சிறிது காலம் சமாதானம் நிலவிற்று. 1803இல் மீண்டும் யுத்தம். மீண்டும் சில்லறைப் பஞ்சம். 1804 ஜனவரியில் வங்கி பழைய உபாயத்தையே திரும்ப எடுத்தது. இம்முறை முத்திரை நீள்வட்டமன்று, எண்கோணம். தலை சற்றுப் பெரிது. விலை 5 சிலிங். பாடம் ஒன்றை ஒருமுறை கற்றவர்கள் அதே பாடத்துக்கு மறுமுறையும் கட்டணம் செலுத்தியது ஏன் என்பதற்கு அவசரம் ஒன்றே விடை. எண்கோணத்தை வெட்டுவதும் கள்ளருக்கு அரிதாக இருக்கவில்லை. சில மாதங்களிலே காசு மீண்டும் சந்தேகத்துக்குள்ளாயிற்று.

அப்போதுதான் பேர்மிங்ஹாமிலிருந்து மத்தேயு போல்டன் முன்வந்தார். நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பங்காளி அவர். சோஹோ என்னுமிடத்தில் அவருடைய தொழிற்சாலையில் நீராவியால் இயங்கும் நாணய அச்சுகள் இருந்தன. 1797இல் அரசாங்கத்துக்காகப் பெரிய செம்புப் பென்ஸ்களை அடித்துக் கொடுத்ததும் அவரே. அவர் கூறிய யோசனை எளியது. கழுத்தில் மட்டும் குறியிடுவதை விட்டு, காசு முழுவதையுமே மறைத்து அடித்துவிடலாம். டொலரை உருக்க வேண்டியதில்லை. பலமான அச்சுக்கிடையில் வைத்து அழுத்தினால், கார்லோஸ் மன்னர் மறைந்து ஒரு பக்கத்தில் முழு அளவில் ஜோர்ஜ் மன்னர் தோன்றுவார். மறுபக்கத்தில் இரு தூண்கள் மறைந்து பிரித்தானியா தேவி அமர்ந்திருப்பாள். அவளைச் சுற்றி 'ஐந்து சிலிங் டொலர், இங்கிலாந்து வங்கி, 1804' என்னும் எழுத்துகள். சிற்ப வேலைப்பாடு குய்க்லர் என்னும் ஜேர்மானியருடையது. நகத்தளவு முத்திரையை ஒரு பட்டறையில் வெட்டலாம். முழுக் காசை ஒரே சீராக அழுத்த நீராவி யந்திரம் வேண்டும். அதைக் கள்ளன் எங்கே ஒளித்து வைப்பான்?

இதனால் வேலைப்பாட்டின் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது. விலையின் சங்கடம் தீரவில்லை. யுத்தம் நீள நீள நோட்டுகள் பெருகின. பொருள்களின் விலையும் பொன், வெள்ளி விலைகளும் ஏறின. 1810இல் பாராளுமன்றக் குழுவொன்று, நோட்டு மிகுதியே இதற்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்னரே டேவிட் ரிக்காடோ என்னும் பொருளியலறிஞர் அதனையே எழுதியிருந்தார். அரசாங்கம் அறிக்கையை ஏற்கவில்லை. ஆனால் வெள்ளி எவருடைய ஏற்புக்கும் காத்திருப்பதில்லை. டொலரின் வெள்ளி 5 சிலிங்கைத் தாண்டவே காசுகள் மறைந்து உலைக்குச் செல்லத் தொடங்கின. 1811 மார்ச்சில் வங்கி ஓர் அறிவித்தல் விடுத்தது: இனி டொலர் 5 சிலிங் 6 பென்ஸுக்கு வழங்கும். காசின் முகத்தில் ஐந்து சிலிங் என்று தெளிவாக எழுதியிருக்க, வாங்குபவரும் விற்பவரும் ஐந்தரை என்று மனத்தினுள் திருத்திக்கொண்டு வாசிக்க வேண்டும். அதன் பின்னரும் காசுகளை 1804 என்ற அதே ஆண்டுடனே அடித்தனர். பொய் சொல்லாத வெள்ளியின்மேல் பொய்யான விலையும் பழைய ஆண்டும் எழுதப்பட்டு, அது சட்டப்படி செல்லுபடியாகியது. அவ்வாண்டிலேயே கிங் பிரபு என்பவர் தம் குடியானவர்களிடம், வாரத்தைப் பொன்னாகத் தாருங்கள், அல்லது நோட்டின் குறைந்த மதிப்புக்கேற்பக் கூடுதலாகத் தாருங்கள் என்று கேட்டார். அரசாங்கம் சினந்து, நோட்டைக் குறைத்து மதித்து வாங்குவதைக் குற்றமாக்கிச் சட்டமியற்றிற்று. நோட்டைக் கள்ளமாகச் செய்தோர் நிலை இன்னும் கொடிது: 1797க்கும் 1821க்கும் இடையில் அக்குற்றம் பற்றி 300க்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுட் பலர் தாம் கொடுத்த நோட்டை வாசிக்கவுந் தெரியாத ஏழைகள்.

இதே யுத்த காலத்தில், பூமியின் மறுகோடியில், மேல்முத்திரைக் கணக்கைச் சரியாகத் தீர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் நியூ சவுத் வேல்ஸ் தேசாதிபதி லக்லன் மக்குவாரி. அக்குடியேற்றத்தில் வந்திறங்கும் காசெல்லாம் அடுத்த கப்பலிலேயே சாமான்களின் விலையாக வெளியேறிவிடும். 1812 நவம்பரில் சமராங் என்னும் கப்பல் 40,000 ஸ்பானிய டொலர்களைச் சிட்னிக்குக் கொண்டுவந்தது. அவை ஏற்றப்பட்டது சென்னைப் பட்டினத்தில்.  மெக்சிக்கோ வெள்ளி சோழமண்டலக் கரையைத் தொட்டு அவுஸ்திரேலியா சென்றது.

ஒரு டொலர் மக்குவாரிக்கு 5 சிலிங் விழுந்தது. அவர் அதன் நடுவே துளையிடச் செய்தார். வளையமாக எஞ்சிய வெளிப்பகுதியில் 'நியூ சவுத் வேல்ஸ், 1813' என்றும் 'ஐந்து சிலிங்' என்றும் பொறிக்கப்பட்டது. வெட்டியெடுத்த நடுத் துண்டில் ஒரு முடியும், 'பதினைந்து பென்ஸ்' என்ற விலையும். ஆக, 5 சிலிங் டொலர் 6 சிலிங் 3 பென்ஸாயிற்று. வெளியூர் வணிகருக்கு அந்த வளையம் துளையுள்ள பழுதான வெள்ளி. உள்ளூரில் அது முழு ஐந்து சிலிங். ஆகவே அதனைக் கப்பலேற்றுவதில் எவருக்கும் ஆதாயமில்லை. இந்த வேலையைச் செய்ய அமர்த்தப்பட்டவர் வில்லியம் ஹென்ஷால். பேர்மிங்ஹாமிற் கள்ளநாணயம் அடித்து, 1805இற் பிடிபட்டு, ஏழாண்டு நாடு கடத்தப்பட்டு அங்கே வந்தவர் அவர். குடியேற்றம் முழுவதிலும் அச்சு வெட்டத் தெரிந்த கை அந்தக் கையாகவே இருந்தது. யந்திரத்தைச் செப்பஞ்செய்து 40,000 டொலரையும் துளைத்து முடிக்க ஓராண்டுக்கு மேற் சென்றது. அச்சுகள் அடிக்கடி உடைந்தன. 1814இலே காசுகள் செலாவணிக்கு வந்தன. 1822இல் அவற்றை மீள அழைக்கத் தொடங்கி, 1829இல் முற்றாக நீக்கினர். வளையக் காசுகளில் இன்று எஞ்சியிருப்பன முந்நூறளவிலேயாம்.

நெப்போலியன் வீழ்ந்த பின்னர், இங்கிலாந்தும் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கே வந்து சேர்ந்தது. 1816ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னர் 62 சிலிங் அடித்த ஓர் இறாத்தல் வெள்ளியில் இனி 66 சிலிங் அடிக்கப்பட்டது. வெள்ளிக் காசு தன் உலோகத்தினும் உயர்ந்த விலைக்கு வழங்கும். ஆகவே உலைக்குப் போகாது. அதனை எவரும் விரும்பியபடி அடிப்பிக்க இயலாது. எவ்வளவு வெளியிடுவது என்பதை அரசாங்கமே தீர்மானிக்கும். 40 சிலிங்குக்கு மேற்பட்ட கடனுக்கு அதனைப் பெற்றுக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்த முடியாது. கோபுரக் குன்றிற் கட்டப்பட்ட புதிய அக்கசாலையில் போல்டனின் நீராவி அச்சுகளே நிறுவப்பட்டமையால் கள்ளருக்கும் வேலை கடினமாயிற்று. 1817 பெப்ரவரி 13ஆந் திகதி தொடக்கம், நாடெங்கும் மக்கள் தேய்ந்த பழைய சிலிங்குகளைக் கொண்டுவந்து கொடுத்துப் புதியன பெற்றுச் சென்றனர். இருபது ஆண்டுகளாகப் பல முகத்தோடும் பல விலையோடும் வழங்கிய ஸ்பானிய டொலரின் காலம் அத்துடன் முடிந்தது.

போல்டனின் டொலர்கள் இன்றும் சேகரிப்பாளரிடம் உண்டு. அழுத்தம் சற்றுக் குறைந்த காசொன்றை விளக்கின் எதிரே சரித்துப் பிடித்தால், ஜோர்ஜ் மன்னரின் முகத்துக்கருகே வேறொரு மூக்கின் சாயலும், பிரித்தானியா தேவியின் மடியருகே கேடயத்தின் ஒரு மூலையும், சிலவற்றில் 'கார்லோஸ்' என்னும் பெயரின் இரண்டோர் எழுத்துகளும், மெக்சிக்கோவில் அடித்த ஆண்டின் எண்களும் மங்கலாகத் தெரியும்.